புது ஹைபிரிட் கார்: வீட்டு வாசலில் பார்ப்பதா, சர்வீஸ் சென்டரில் விடுவதா?

மலையில் ஹைபிரிட் வண்டிகள், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டிகள், கூடிவிட்டன என்பது எனக்கு வருகிற கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதனால் பகுதி முழுவதையும் அதற்கே விட்டுவிட்டேன். ஜீப்பில் கிளட்ச் வழுக்குகிறது, டீசல் வண்டியில் புகை வருகிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: வணக்கம் தம்பி. நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். என் பழைய காருக்கு ஆயில் மாற்றுவதில் இருந்து பிரேக் லைனிங் வரை முப்பது வருஷமாக நானேதான் பார்த்தேன். போன வருஷம் மகன் சொல்லி ஒரு ஹைபிரிட் வாங்கினோம். சர்வீஸ் சென்டர் கோவையில், போகவர 130 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஆயிலை வீட்டிலேயே மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? எதை நானே செய்யலாம், எதைத் தொடக்கூடாது?
— வாசகர், கோத்தகிரி

பதில்: சார், முப்பது வருஷம் தன் கையால் வண்டி பார்த்தவரிடம் "எல்லாவற்றையும் கம்பெனியில் விடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் வாரண்டி. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் அடைத்து வைத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்தார் என்கிற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனையை வைக்கக்கூடாது, வெளியே செய்த வேலை சரியில்லாமல் என்ன சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆகவே சர்வீஸ் கவுண்டரில் நின்றுகொண்டு இந்த உத்தரவைக் காட்டிச் சண்டை போடுவதில் பயன் இல்லை. அங்கே பேசப்போவது காகிதம்தான். நாளைக்கு இன்ஜினில் ஒரு கோளாறு என்று போனால், எந்த ஆயில், எந்தத் தேதி, எத்தனை கிலோமீட்டரில் ஊற்றினீர்கள், பில் எங்கே என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் "நானே மாற்றினேன்" என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பு கிடையாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பெரும்பாலான கம்பெனிகளில் முதல் மூன்று சர்வீஸுக்குக் கூலி கிடையாது, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும்தான் பணம். அதே ஆயிலையும் அதே ஃபில்டரையும் நீங்கள் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கப்போகிறீர்கள். அப்படியானால் இந்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில் வீட்டில் மாற்றி நீங்கள் மிச்சம் பிடிப்பது என்ன? கோவை போகும் பெட்ரோலும் ஒரு நாளும் மட்டும்தான். அதற்காக ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரில் செய்த வேலையை எழுதும் சீட்டு) பதிவு விட்டுப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை. டொயோட்டா, மாருதி இரண்டுமே ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். வண்டியிலேயே விலை கூடிய சாமான்களில் ஒன்று அது. வருஷத்துக்கு ஒரு தடவை அதற்காகவாவது இறங்கிப் போய்விட்டு வாருங்கள். ஸ்கேனரைச் சொருகி பேட்டரியின் உடல்நிலையைப் பார்ப்பார்கள், சாஃப்ட்வேரில் திருத்தம் வந்திருந்தால் ஏற்றுவார்கள், திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது இருந்தால் அதையும் இலவசமாக முடித்துத் தருவார்கள். இது எதுவும் உங்கள் வீட்டு வாசலிலோ என் ஒர்க்‌ஷாப்பிலோ நடக்காது.

அங்கே போனதும் நீட்டும் எஸ்டிமேட்டை அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின் ஃப்ளஷ், ஏசி சுத்திகரிப்பு, அடிப்பூச்சு என்று வரிசையாக எழுதியிருக்கும். உரிமையாளர் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை என்று ஒரு பக்கம் உண்டு, அதைத் திறந்து வைத்துக்கொண்டு "இதில் இருப்பதை மட்டும் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம் சார். இன்ஜின் ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர் ரப்பர், டயர் காற்று, டயர் மாற்றிப் போடுவது, 12 வோல்ட் பேட்டரியின் முனைகளைச் சுத்தம் செய்வது, கூலன்ட் அளவு, பிரேக் ஆயில் அளவு, வைப்பர் அடியில் தேங்கும் சருகை அள்ளி மழைநீர் ஓட்டையைத் திறந்து வைப்பது. இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. சில்வர் ஓக் மரத்தடியில் வண்டி நிறுத்துகிற வீடுகளில் ஒரு மழைக்காலம் போதும், அந்த ஓட்டை அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே இறங்கி கார்ப்பெட் நாறிவிடும்.

ஹைபிரிட்டுக்கு என்றே ஒரு வேலை உண்டு, அதை ஒவ்வொரு வாசகரும் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். காற்றால் குளிரவைக்கும் பேட்டரிக்கு ஒரு மின்விசிறி இருக்கும், அது வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுக்கும் ஜன்னல் பல வண்டிகளில் பின் சீட்டின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும். போன மாதம் ஒருவர் வண்டி கொண்டுவந்தார், வீட்டில் இரண்டு நாய்கள், இரண்டும் பின் சீட்டில்தான் வருமாம். அந்த ஜன்னலின் மூடியைக் கழற்றினால் உள்ளே வலை தெரியவே இல்லை, சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்ததுபோல ஒரே முடி. விரலால் இழுத்தேன், ஒரே துண்டாக உரிந்து வந்தது. பேட்டரி மூச்சு முட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து தட்டிச் சுத்தம் செய்யுங்கள், அதன் மேல் கம்பளி, பை எதையும் போட்டு மூடாதீர்கள்.

ஆயிலை வாரண்டிக் காலம் முடிந்த பிறகு நீங்களே மாற்றிக்கொள்ளலாம், அதில் மர்மம் எதுவும் இல்லை. ஆனால் பழைய பழக்கத்தில் கெட்டியான 20டபிள்யூ-40 ஊற்றிவிடாதீர்கள். இந்த இன்ஜின்களில் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 மாதிரி தண்ணீராக இருக்கிற ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். நீங்கள் ஒரே ஓட்டத்தில் கடைத்தெரு போய்வருவதற்குள் ஹைபிரிட் இன்ஜின் பத்து தடவை நின்று பத்து தடவை எழும். எழுந்த அந்த நொடியிலேயே ஆயில் மேலே போய்ச் சேர வேண்டும், கெட்டி ஆயில் கோத்தகிரிக் குளிரில் அவ்வளவு வேகமாக ஏறாது. வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

அப்புறம், நீங்கள் வண்டியை ஓட்டுவது குறைவு என்றால் 10,000 கிலோமீட்டர் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். குளிர் ஊரில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் இன்ஜின் முழுச்சூடு ஏறுவதே இல்லை, ஈரம் ஆயிலில் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் ஆடைபோல வெளிறிய நுரை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அந்த ஈரம்தான், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நீளமாக ஓட்டுங்கள். அப்படி ஓட்டியும் போகவில்லை, கூலன்டும் குறைகிறது என்றால் தாமதிக்காமல் காட்டிவிடுங்கள். வருஷம் ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

தொடக்கூடாதது எது? ஆரஞ்சு நிறம். பானெட்டைத் திறந்தால் கட்டைவிரல் தடிமனில் ஆரஞ்சு நிற ஒயர்கள் தெரியும், அவை உயர் மின்னழுத்தம். சின்ன ஹைபிரிட் எஸ்யூவியிலேயே பேட்டரி 177 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம், அது உயிரை எடுக்கக்கூடியது. பயிற்சி பெற்ற ஆளே 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருந்துதான் கை வைப்பார். ஏசி காஸ் நிரப்புவதையும் தெருமுனையில் செய்யாதீர்கள். இதன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது, அதற்கு மின்கசிவு தராத தனி ஆயில். சாதாரண வண்டிக்கு ஊற்றும் ஆயில் கொஞ்சம் கலந்தாலே காப்பு கெட்டு, வண்டி ஓடாமல் நின்றுவிடலாம்.

உங்களுக்கு வருத்தம் தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பிரேக். நீங்கள் முப்பது வருஷம் செய்த வேலை என்று தெரியும். ஆனால் இதில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டரும் பம்பும் உட்கார்ந்திருக்கின்றன. கதவைத் திறந்தாலே பம்ப் விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும் வண்டிகள் உண்டு, அப்போது பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தால் விரல் போகும். பிரேக் லைனில் இருந்து காற்று எடுப்பதற்கும் ஸ்கேனர் வேண்டும். பேட் தேய்மானத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் சார்.

எந்த வேலை செய்தாலும் முதலில் வண்டியை முழுக்க அணைத்துவிட்டு சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். சத்தம் இல்லை என்பதற்காக வண்டி அணைந்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் பெல்ட் பக்கம் கை விட்டிருக்கும் நேரத்தில் இன்ஜின் தானே எழும்.

*

கேள்வி: அண்ணா, குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் என் ஹைபிரிட்டின் இன்ஜின் திடீரென்று அலறுகிறது. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கவே இல்லை. பெடலை மிதிப்பதும் அப்போது வேறுமாதிரி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்து ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
— வாசகி, வெலிங்டன்

பதில்: அவர்கள் ஓட்டிப் பார்த்தது சமவெளியில் அம்மா, அங்கே இது வராது. உங்கள் வண்டியில் கோளாறு இல்லை. நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயமும் போகும், பிரேக்கும் பிழைக்கும்.

குன்னூர் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியை வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் ஆறரை யூனிட். ஊட்டியில் இருந்தே இறங்கினால் எட்டு யூனிட்டுக்கு மேல். உங்கள் மாதிரி வண்டியின் பேட்டரி கொள்வது 0.76 யூனிட். அதையும் விளிம்பு வரை நிரப்ப வண்டி விடாது. காற்றுக்கும் டயருக்கும் ஒரு பங்கு போனாலும் வழியில் இருக்கும் பர்லியாறு வருவதற்கு வெகு முன்பே பேட்டரி நிறைந்துவிடும். அதுவரை உங்கள் வேகத்தை அடக்கியது மோட்டார், பிரேக் பேட் சும்மா இருந்தது. நிறைந்த பிறகு அந்த வழி அடைபடுகிறது. மிச்ச சக்தியைக் கரைக்க, மோட்டார் இன்ஜினைப் பிடித்துச் சுற்றுகிறது. பெட்ரோல் எரியாமலே இன்ஜின் சுற்றும் அந்தச் சத்தம்தான் நீங்கள் கேட்பது. பஸ் டிரைவர் இரண்டாம் கியரில் இறங்கும்போது வருகிற அதே முனகல். பெடல் வேறுமாதிரி ஆவதும் அந்த நேரத்தில்தான், மோட்டார் விட்ட வேலையை டிஸ்க்கும் பேடும் எடுத்துக்கொள்கின்றன.

இங்கேதான் மலைக்குப் புதிதாக ஹைபிரிட் வாங்கியவர்கள் தப்பு செய்கிறார்கள். முதல் சில வளைவுகளில் பெடல் மென்மையாகப் பிடிக்கிறது என்று அதையே நம்பி டி-யிலேயே வருவார்கள். பேட்டரி நிறைந்ததும் முழுப் பாரமும் பேட்களுக்கு வரும், காலை எடுக்காமல் தேய்த்துக்கொண்டே வந்தால் அடிவாரத்துக் கல்லாறு நெருங்கும்போது பேட் கருகும் வாடை அடிக்கும். இந்த ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. இறக்கம் தொடங்கும்போதே பி-க்கு (B, பார்க்கிங் P இல்லை) மாற்றுங்கள். கியர் குச்சியில் டி-க்கு அடுத்து இருக்கும் அந்த எழுத்து இந்த மாதிரி ரோட்டுக்காகத்தான். சத்தம் சீக்கிரமே வரும், வரட்டும். ஸ்டியரிங் பின்னால் வேகம் குறைக்க விரலால் இழுக்கும் துடுப்பு வைத்த வண்டி என்றால் அதையும் பயன்படுத்தலாம். பெடலை அழுத்தி வேகத்தைக் குறை, விடு, மறுபடி அழுத்து, இப்படியே இறங்குங்கள். கீழே சமவெளி வந்ததும் டி-க்கு வந்துவிடுங்கள்.

பிரேக் ஆயிலை மட்டும் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் மூடுபனியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. டாட் 3 வகைக்குத் தரக்கணக்கின்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 வரைக்கும் இறங்கலாம். இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். கையேட்டில் எத்தனை வருஷம் என்று போட்டிருக்கிறதோ அதைத் தாண்டவிடாதீர்கள். மாற்றும்போது காலிப்பர் பின்களைக் கழற்றி கிரீஸ் வைக்கவும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஊருக்குள் ஓட்டும் நாட்களில் ஹைபிரிட்டில் பேடுக்கு வேலையே குறைவு, சும்மா இருந்தே ஈரத்தில் இறுகிப்போகும்.

*

கேள்வி: அண்ணே, மேட்டுப்பாளையத்தில் காற்று பிடித்துக்கொண்டு ஊட்டி வந்தால் டயரில் காற்று கூடிவிடும், குறைக்க வேண்டும் என்கிறான் நண்பன். குளிருக்குக் குறையும் என்கிறேன் நான். யார் சரி?
— வாசகர், லவ்டேல்

பதில்: இரண்டு பேரும் சரி தம்பி. உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் கூட்டிக் காட்டும். கீழே 30 டிகிரி, மேலே 12 டிகிரி என்றால் குளிர் அதே அளவு குறைத்துவிடும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஏறி வந்தவுடன் சூட்டோடு பார்த்துவிட்டுக் காற்றை இறக்காதீர்கள், மறுநாள் காலை வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள்.

*

கேள்வி: ஐயா, நாங்கள் வருஷத்தில் பாதி நாள் மதுரையில், மீதி நாள் கொடைக்கானலில். ஹைபிரிட் கார் மேலேயே நிற்கும். மூன்று வாரம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. இவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் ஏன்? நடுவில் எலி வேறு ஒயரைக் கடித்துவிட்டது.
— வாசகி, பெருமாள்மலை

பதில்: பெரிய பேட்டரி வீடு என்றால் சின்ன 12 வோல்ட் பேட்டரி அதன் சாவி. கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியை வண்டியோடு இணைத்துவிடுவதும் அந்தச் சின்னதுதான். கதவுப் பூட்டும் அலாரமும் அதை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அது இறங்கிவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி எழாது.

பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஆள் இருந்தால் வாரம் ஒருமுறை 'ரெடி' விளக்கு எரியும்படி ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை மட்டும் அமுக்கினால் பாட்டு பாடும், விளக்கு எரியும், ஆனால் சார்ஜ் ஏறாது, இன்னும் இறங்கும். கியர் P பார்க்கிங்கில் இருக்கட்டும், நியூட்ரலில் விட்டால் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ஷெட்டாக இருந்தால் கதவைத் திறந்து வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், இன்ஜின் தானாக எழுந்து புகை விடும். ஆள் யாரும் இல்லை என்றால் கிளம்பும்போது 12 வோல்ட் பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம், இது நீங்களே செய்யக்கூடிய வேலை. எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டிக்கிக்குள் இருந்து, டிக்கி மின்சாரத்தில் திறப்பது என்றால், கழற்றியபின் அதை எப்படித் திறப்பது என்பதைக் கையேட்டில் படித்துவிட்டுச் செய்யுங்கள். மற்ற காரில் இருந்து ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் செலவு லட்சத்தில் வரலாம், இருட்டில் செய்யாதீர்கள்.

எலி விஷயத்தில் எனக்கும் அனுபவம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆடி மழையில் என் சொந்த வண்டியின் பானெட்டைத் திறந்தால், பேட்டரி மேல் தேயிலைச் சருகும் துணிக் கிழிசலுமாகக் கூடு. பக்கத்தில் சென்சார் ஒயர் நான்கு இடத்தில் பற்குறியோடு செம்பு தெரிந்தது. குளிரில் சூடான இன்ஜின் தேடி அது வரும், வராமல் தடுக்க முழு வழி எனக்கு அகப்படவில்லை. வண்டி நிற்கும் இடத்தில் நாய்த் தீனி, அரிசி மூட்டை, குப்பை எதுவும் இல்லாமல் பார்ப்பது, வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் படவிடுவது, கீழே இருந்து ஏறும் ஓட்டைகளுக்கு ஸ்டீல் வலை கட்டுவது, இவை உதவுகின்றன. சாதாரண ஒயர் என்றால் உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஒட்டித் தருவார். ஆரஞ்சு ஒயரில் ஒரு கீறல் தெரிந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் எலிக்கடி சேருமா என்று புதுப்பிக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: கூலன்ட் குறைந்தால் தண்ணீர் ஊற்றலாமா? மாற்றிய பழைய ஆயிலை என்ன செய்வது?
— வாசகர், கூடலூர்

பதில்: குழாய்த் தண்ணீர் வேண்டாம். பல ஹைபிரிட்டில் இன்ஜினுக்கு ஒன்று, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு கூலன்ட் டப்பா இருக்கும், இரண்டையும் பாருங்கள், கையேட்டில் சொன்ன கூலன்டையே ஊற்றுங்கள். இன்வெர்ட்டர் டப்பாவில் குறைந்துகொண்டே வந்தால் நிரப்பிவிட்டுச் சும்மா இருக்காமல் காட்டிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதனால்தான் நம் வீடுகளில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக அவ்வளவு நேரம் ஆகிறது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே கொதிக்காமல் இருக்கிறது, திறந்த கணம் முகத்தில் அடிக்கும்.

பழைய ஆயிலை ஓடையிலோ தேயிலைச் செடி ஓரத்திலோ தயவு செய்து கொட்டாதீர்கள். எந்த ஓடையானாலும் கடைசியில் ஆற்றில்தான் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறார்கள். வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய ஆயிலை பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து வடித்துவிட்டு அங்கேயே கொடுத்துவிடலாம்.